வளையும் கண்ணாடியும் டேபிள் ஃபேனும்

இதுவரை என் பொறுப்பில் விட்ட பொருள்களிலேயே விலை கூடியது, சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். ஒரு கண்ணாடி. நாலரை மில்லிமீட்டர் சதுரம். அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று லேபில் இருந்த எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ‘இவ்வளவுதானா?’ என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. விலைப் பட்டியலைப் பார்த்திருந்த அக்கவுண்ட்ஸ் ஆள் மட்டும் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பெங்களூரில் ஓர் ஒளியியல் ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு வருடம் என் வேலை, அந்தக் கண்ணாடி சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்துச் சொல்வது. சாதாரணக் கண்ணாடி இல்லை, வளையும் கண்ணாடி. பின்பக்கம் 12 வரிசை, வரிசைக்கு 12, நான்கு மூலையையும் கழித்தால் 140 ஆக்சுவேட்டர்கள், அதாவது கண்ணாடியை அசைக்கும் குட்டி உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்னழுத்தம் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த இடத்தில் கண்ணாடி உள்ளே இழுபடும். எவ்வளவு? அதிகபட்சம் மூன்று, மூன்றரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. இதை நொடிக்கு ஆயிரம் தடவை செய்யும். எதற்கு என்று கேட்டால் கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வாணியம்பாடிப் பக்கம். மேலே ஜவ்வாது மலையில் காவலூர். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். அறிவியல் வாத்தியார் வேனிலேயே அடித்துச் சொன்னார்: “நிலாவுல மாடு மேஞ்சாக்கூட இதுல தெரியும்டா.”

தெரியாது. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.34 மீட்டர் கண்ணாடியால், காற்றே இல்லையென்று வைத்துக்கொண்டால், நிலாவில் சுமார் 110 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்தறிய முடியும். மாடு நிச்சயம் இல்லை. பெரிய ஏரிக்கரை வேண்டுமானால் தெரியலாம். ஆனால் காற்று இருக்கிறதே. நல்ல இரவிலேயே ஒரு நட்சத்திரம் புள்ளியாக விழாமல் ஒரு விகலை அகலத்துக்குக் கலங்கி விழும். விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. கேட்கச் சின்னதாக இருக்கும். நிலாவின் தூரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். மாடு என்ன, வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டையே தூக்கி வைத்தாலும் ஒரு கறைகூடத் தெரியாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே எதிரே வரும் லாரி நெளிகிறதே, அதே சமாச்சாரம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது ஒளி ஓரிடத்தில் கொஞ்சம் முந்தும், ஓரிடத்தில் கொஞ்சம் பிந்தும். நட்சத்திரத்திலிருந்து பல நூறு ஆண்டுகள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்த ஒளியலை, கடைசி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கசங்கிப்போகிறது. இதைப் பார்த்துத்தான் நியூட்டன், உயரமான மலையுச்சியில் அமைதியான காற்றைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதிவைத்தார். 250 வருடம் எல்லோரும் மலை ஏறினார்கள்.

1953-ல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் வேறு வழி சொன்னார். ஒளி கசங்கி வருகிறதா? அதே கசங்கலைத் தலைகீழாகக் கண்ணாடியில் உண்டாக்கு; பட்டுத் திரும்பும்போது நேராகிவிடும். பிந்தி வரும் இடத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஒளி போய்வரும் தூரம் குறையும், பிந்தியது சேர்ந்துகொள்ளும். கண்ணாடியை எப்படி வளைப்பது என்பதற்கு அவர் சொன்ன யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: கண்ணாடி மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன்மேல் எலக்ட்ரான் கற்றை. மின்னூட்டம் விழும் இடத்தில் எண்ணெய் மேடுபள்ளமாகும். எய்டோஃபோர் என்று அந்தக் காலத்தில் டிவி படத்தைப் பெரிய திரையில் காட்டும் கருவி ஒன்று இருந்தது; அதிலிருந்து எடுத்த யோசனை. அன்றைக்கு அதைச் செய்துபார்க்க வேகமான கணினி இல்லை. அப்புறம் ராணுவம் இதில் இறங்கி ரகசியமாகச் செய்தது. வானியலுக்கென்று செய்த கருவி முதல்முதலில் வானத்தைப் பார்த்தது 1989-ல், பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில். அதன் கண்ணாடியில் இருந்தது 19 ஆக்சுவேட்டர்.

இதற்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர். தகவமை ஒளியியல் என்று தமிழில் சொல்லலாம். லேபில் எங்களுக்கு ஏஓ. கண்ணாடிக்கு டிஎம், அதாவது டிஃபார்மபிள் மிரர்.

சரி, லேபுக்கு வருவோம்.

கண்ணாடியின் மேடுபள்ளத்தை அளக்க எங்களிடம் இருந்தது இன்டர்ஃபெரோமீட்டர். லேசர் ஒளியின் ஒரு பாதி துல்லியமான தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், மறு பாதி நம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டைகள் விழும். வரைபடத்தில் மலைகளுக்கு உயரக்கோடு போடுவார்களே, அது மாதிரி. ஒரு கறுப்புப் பட்டையிலிருந்து அடுத்த கறுப்புப் பட்டைக்குப் போனால் கண்ணாடியில் 316 நானோமீட்டர் ஏறியிருக்கிறோம் அல்லது இறங்கியிருக்கிறோம் என்று பொருள். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளத்தில் சரிபாதி. பட்டைகளை நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தால் நானோமீட்டர் கணக்கில் உயரம் சொல்லிவிடும்.

முதல் வாரம் நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. கண்ணாடிக்கு மின்சாரமே கொடுக்காமல், சும்மா இருக்கும்போது அதன் வடிவத்தைப் பத்து தடவை அளந்தேன். பத்து தடவையும் பத்து வடிவம் வந்தது. ஒரு தடவை சேணம் மாதிரி, ஒரு தடவை கிண்ணம் மாதிரி. சிலிக்கன் துண்டு, மின்சாரம் இல்லை, யாரும் தொடவில்லை, அது எப்படித் தானாக நெளியும்?

நெளிந்தது கண்ணாடி இல்லை. ஏசி. மேலேயிருந்து இறங்கும் குளிர்காற்று, மேசையில் லேசர் போகும் வழியில் கலந்துகொண்டிருந்தது. நட்சத்திர ஒளிக்குக் காற்று செய்வதை எங்கள் லேசருக்கு லேபின் காற்று செய்தது. காற்றுக் கோளாறைச் சரிசெய்யப் பிறந்த கண்ணாடியை, அதே கோளாறு உள்ள அறையில் வைத்துச் சோதிக்கிறோம்! சிரிக்கலாம், ஆனால் எல்லா ஏஓ லேபிலும் முதல் சண்டை இதுதான்.

ஏசியை நிறுத்தினேன். அரை மணியில் அறை கொதித்தது, கணினிகளின் சூடு மேலே ஏறி இன்னொரு மாதிரி நெளிந்தது. லேசர் பாதைக்கு அட்டைப்பெட்டியை வெட்டிச் சுரங்கம் மாதிரி மூடினேன். கொஞ்சம் பரவாயில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து அளந்தேன். இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அந்தச் சேணம் முழுதாகப் போகவில்லை. மெதுவாக, மூச்சு விடுவது போல, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து வந்து போனது. 64 படம் எடுத்துச் சராசரி பார்த்தால்கூட மிச்சம் நின்றது.

லேபில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். ஓசூர்க்காரர். பெரிய பெரிய சயின்டிஸ்ட்டுகள்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை என் அட்டைச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். வரும்போது கையில் ஒரு டேபிள் ஃபேன். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஃபேன், வலையில் ஒட்டடையோடு.

“அண்ணே, காத்தே ஆகாதுன்னு நான் அட்டை போட்டு மூடிக்கிட்டிருக்கேன்.”

“அடக்கிப் பாத்தீங்க, அடங்கல இல்ல? கலக்கி விடுங்க தம்பி.”

மேசையைத் தொடாமல் தள்ளி ஒரு ஸ்டூலில் ஃபேனை வைத்து, லேசர் பாதைக்குக் குறுக்கே மெதுவாக ஓடவிட்டார். திரையில் பட்டைகள் தகதகவென ஆட ஆரம்பித்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் 64 படத்தின் சராசரியில் சேணம் காணோம். யோசித்தால் நியாயம்தான்: மெதுவாக நகரும் பெரிய காற்றுப் படலம் 64 படத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், சராசரியில் அப்படியே தங்கிவிடும். அதைச் சின்னச் சின்னதாக உடைத்து வேகமாக ஓடவிட்டால் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறாக இருக்கும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பெரிய தொலைநோக்கிக் கண்ணாடிகளைச் செதுக்குகிற பட்டறைகளிலும் இந்த வித்தை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்கு ஓசூர் வித்தை.

அளவு நிலைத்ததும் உண்மையான சோதனை தொடங்கியது. முதலில், கண்ணாடியைத் தட்டையாக்குவது. வளையும் கண்ணாடி சும்மா இருக்கும்போது தட்டையாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். செய்யும்போதே உள்ளே தங்கிய இறுக்கத்தால் சற்றுக் குழிந்திருக்கும். தவிர, எங்களுடையது மின்னிலை விசையால் ஓடும் வகை. இழுக்க மட்டும் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் முதலில் 140-ஐயும் பாதி தூரம் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்துவது, கீழே போக வேண்டுமென்றால் இன்னும் இழுப்பது. அந்தப் பாதி நிலையில் எந்தெந்த எண்ணுக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தால் தட்டையாகும் என்ற பட்டியலுக்குத்தான் ஃப்ளாட் மேப் என்று பெயர். எங்கள் கண்ணாடியின் மேடுபள்ளம் கடைசியில் 10 நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. பரவாயில்லை, பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டையாவதற்கே எவ்வளவு தூரம் செலவாயிற்று என்று குறித்துவைக்க வேண்டும். சம்பளத்தில் வீட்டு வாடகை போல, மிச்சம் இருப்பதுதான் காற்றோடு மல்லுக்கட்ட.

அப்புறம் ஒவ்வோர் ஆக்சுவேட்டராகத் தட்டிப் பார்ப்பது. எண் 1-ஐ மட்டும் அசை, படம் எடு, பழைய இடத்துக்குக் கொண்டுவா. எண் 2. இப்படி 140 வரை. ஒன்றை அசைத்தால் அது மட்டும் அசையாது. மேலே ஒரே தகடாக மூடியிருக்கிறதே, பக்கத்து வீடும் 10, 15 சதவீதம் கூடவே வரும். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் வலந்தலையைச் சுற்றிக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓரிடத்தில் தட்டினால் எதிரிடத்திலும் கேட்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார். அவர் காதில் வைத்திருக்கும் கணக்கை நாங்கள் 140 படங்களில் வைத்திருந்தோம். எந்த வடிவம் வேண்டுமானாலும் அந்தப் படங்களை எந்தெந்த விகிதத்தில் கூட்டினால் வரும் என்று கணினி சொல்லும்.

140 படத்தையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு சின்ன நிரல் எழுதினேன். எந்த எண் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்த இடத்தில் எவ்வளவு உயரம் மாறியது என்று அளந்து அட்டவணை போட்டுவிடும். ராத்திரி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் அட்டவணை தயார். 138 வரி ஒழுங்காக இருந்தது. 17-ம் எண்ணும் 18-ம் எண்ணும் மட்டும் மற்றதில் 13 சதவீதம்தான் அசைந்திருந்தன.

இரண்டு ஆக்சுவேட்டர் செத்துவிட்டது. அதுவும் அடுத்தடுத்து. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த மாதம் பெங்களூரில் விடாத மழை. இந்த வகைக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்றில் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே சிலிக்கன் அரிக்க ஆரம்பித்துவிடும். காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்பது விதி. உலர்ந்த காற்றை ஊதும் குழாய் வைத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் அது கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கண்ணாடி ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்பதுதான் ஞாபகமில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மேலதிகாரிக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டவணையைக் காட்டினேன். படித்தார்.

“இது சரி. படத்தப் பாத்தீங்களா?”

“அதான் நம்பர் வந்திருக்கே அண்ணே.”

“நம்பர் இருக்கட்டும் தம்பி. படத்தப் போடுங்க.”

17-ஐத் தட்டிய படத்தைப் போட்டேன். அழகான, முழு உயரமுள்ள ஒரு மேடு. 18 இருக்க வேண்டிய இடத்தில். 18-ஐத் தட்டிய படத்தைப் போட்டேன். மேடு 17-ன் இடத்தில். இரண்டும் சாகவில்லை. கண்ணாடிக்கும் மின்பெட்டிக்கும் நடுவே போகும் கேபிளை நாங்களே லேபில் செய்திருந்தோம்; அதில் இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது. என் நிரல் 17-ன் இடத்தில் பார்த்தது பக்கத்து வீட்டின் அசைவை. பக்கத்து வீடு 10, 15 சதவீதம் வரும் என்று நானே குறிப்பெழுதி வைத்திருந்தேன். 13 என்ற எண் மூன்று நாளாக அதைத்தான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது.

கேபிளைப் பிரித்து மறுபடி பற்றவைக்கப் பயம். மென்பொருளில் இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டோம். மின்பெட்டியின் முகப்பில் அண்ணன் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் எழுதினார்: ‘17, 18 மாறியிருக்கு.’

அந்த வாரம் ஹப்பிள் தொலைநோக்கியின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். மேலே போனது 1990-ல். 2.4 மீட்டர் கண்ணாடி, அதுவரை செதுக்கியதிலேயே வழவழப்பான கண்ணாடிகளில் ஒன்று. ஆனால் வடிவம் தப்பு. ஓரத்தில் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகியிருந்தது. செதுக்கியவர்கள் கவனக்குறைவாக இருந்ததாலா? இல்லை. சோதிக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவி கேட்டபடியே கண்ணாடியை அச்சுப் பிசகாமல் தப்பாகச் செதுக்கினார்கள். இன்னும் எளிமையான வேறு இரண்டு சோதனைகளில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ‘அந்தக் கருவிகள் அவ்வளவு துல்லியம் இல்லை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்தும்வரை மூன்று வருடம் மங்கல் படம். துல்லியம் குறைந்த கருவி சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. மூன்று நாள் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஏஓ-வில் இது இன்னொரு வேஷத்திலும் வரும். தொலைநோக்கியில் கண்ணாடியை ஓட்டுவது இன்டர்ஃபெரோமீட்டர் இல்லை, அலைமுக உணரி என்ற வேறு கருவி. ஒளியலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகச் சொல்லும். நான்கு ஆக்சுவேட்டருக்கு நடுவில் ஒரு கட்டம். இப்போது சதுரங்கப் பலகை மாதிரி கறுப்புக் கட்டத்தில் இருப்பவை எல்லாம் மேலே, வெள்ளைக் கட்டத்தில் இருப்பவை எல்லாம் கீழே என்று கண்ணாடி நின்றால்? ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றமும் இறக்கமும் சமமாகிச் சராசரிச் சாய்வு பூஜ்யம். ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று உணரி சொல்லும். பிழை அதன் கண்ணில் படாமலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு போகும். பக்கத்தில் ஒரு கேமரா வைத்து நட்சத்திரத்தையே பார்த்தால்தான், நடுவில் இருக்க வேண்டிய ஒளி நான்கு மூலைக்கும் சிதறி நிற்பது தெரியும். வாஃபிள் என்று இதற்குப் பெயர். அந்தத் தின்பண்டத்தின் கட்டம் கட்டமான முகம்தான்.

கடைசிக் கட்டமாகச் செயற்கைக் காற்று வேண்டும். நிஜக் காற்றை விரட்ட இரண்டு மாதம் பாடுபட்டுவிட்டு, இப்போது வேண்டுமென்றே கலக்கம் உண்டாக்க வேண்டும். பணம் இருந்தால் மேடுபள்ளம் கணக்காகப் பொறித்த கண்ணாடித் தட்டு வாங்கலாம். நாங்கள் பழைய சிடி டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டி, ஹேர் ஸ்ப்ரே அடித்து, காயவைத்து, சின்ன மோட்டாரில் சுற்றவிட்டோம். லேசர் அதன் வழியே போனால் வேனில் வாத்தியார் சொன்ன நிலா மாதிரிக் கலங்கும். ஏதோ எங்கள் வறுமை என்று நினைக்க வேண்டாம். பல நாட்டு ஏஓ லேப்களிலும் ஸ்ப்ரே டப்பா உண்டு. லூப்பை மூடியதும், அதாவது உணரியும் கண்ணாடியும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ள விட்டதும், திரையில் சிதறிக்கிடந்த ஒளி ஒரு புள்ளியாகச் சுருங்கிற்று. அண்ணன் ‘ம்’ என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

எங்களுடையது நகக்கண் அளவு. இதையே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் கிரஹாம் மலையில் இரட்டைக் கண் தொலைநோக்கி ஒன்று உண்டு, ஒவ்வொன்றும் 8.4 மீட்டர். அதன் இரண்டாம் கண்ணாடியே வளையும் கண்ணாடி. 911 மில்லிமீட்டர் அகலம், தடிமன் 1.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அகலத் தோசையை அப்பளக் கனத்தில் கண்ணாடியில் வார்த்த மாதிரி. முதுகில் 672 காந்தங்கள் ஒட்டி, மின்சுருள்களுக்கு முன்னால் மிதக்கவிடுகிறார்கள். கண்ணாடிக்கும் அதன் பின்னால் உள்ள தடித்த தட்டுக்கும் இடைவெளி தலைமுடிக் கனம்தான். அதற்குள் ஒரு தூசி போனால் அந்த இடத்தில் கண்ணாடி அசைய மாட்டேன் என்று நின்றுவிடும்.

இதை எங்கே சோதித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இத்தாலியில் ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் ஆர்ச்செத்ரி குன்று. கலிலியோ வீட்டுக்காவலில் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். அங்குள்ள வானாய்வகத்தில் சூரியனைப் பார்க்கக் கட்டிய பழைய கோபுரம் ஒன்று சும்மா இருந்தது. கொடைக்கானலில் சூரியச் சுரங்கத் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்கி 60 மீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்பும். ஆர்ச்செத்ரியிலும் அந்த மாதிரிச் செங்குத்தான கூடு. கண்ணாடியை உச்சியில் தொங்கவிட்டு, கீழேயிருந்து ஒளியை அனுப்பி, மாதக்கணக்கில் அளந்துவிட்டுத்தான் அரிசோனாவுக்குக் கப்பலேற்றினார்கள். 2010-ல் வானத்தைப் பார்த்தபோது, அகச்சிவப்பில், பிழையே இல்லாத கண்ணாடி தரக்கூடிய கூர்மையில் 80 சதவீதத்தைத் தாண்டியது. அதுவரை யாரும் பார்க்காத எண். எல்லோரும் தொலைநோக்கியைப் புகழ்ந்தார்கள். நான் அந்தக் கோபுரத்துக்குள் ராத்திரி உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்களிடமும் ஒரு டேபிள் ஃபேன் இருந்திருக்குமோ?

இப்போது சிலியில் கட்டிக்கொண்டிருக்கும் 39 மீட்டர் தொலைநோக்கியின் நான்காம் கண்ணாடி 2.4 மீட்டர். ஆறு இதழ்களாக, இரண்டு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக, 5000-க்கும் மேற்பட்ட ஆக்சுவேட்டர்களோடு. செய்திகளில் அந்த 5000-ஐத்தான் போடுகிறார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் அட்டவணைதான் ஞாபகம் வருகிறது. 5000 வரி!

எல்லா வரியும் சரியாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. சிலியில் ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் வேறு சூரியன்களின் கோள்களை நேரடியாகப் படம் எடுக்கக் கருவி ஒன்று பொருத்தினார்கள், 2013-ல். அதன் சிலிக்கன் கண்ணாடியில் 64-க்கு 64, மொத்தம் 4096 ஆக்சுவேட்டர்கள். கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழக லேபில் வைத்து அந்த வகைக் கண்ணாடிகளை வருடக்கணக்கில் தட்டித் தட்டிப் பார்த்திருந்தார்கள். பொருத்தியதில் சில செத்தவை. தூக்கிப் போடவில்லை. எவை செத்தவை என்று இடம் தெரியும் என்பதால், ஒளி போகும் வழியில் வைக்கும் மறைப்புத் தகட்டில் சரியாக அந்த இடங்களுக்கு நேரே சின்னச் சின்ன நாக்குகள் விட்டு மூடிவிட்டார்கள். அந்தக் கருவிதான் 51 எரிடானி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோளைப் படம் பிடித்தது, 2015-ல் அறிவித்தார்கள். எங்கே செத்திருக்கிறது என்று தெரிந்த கண்ணாடி எனக்குப் போதும். எல்லாம் உயிரோடு இருப்பதாக அட்டவணை மட்டும் சொல்லும் கண்ணாடியிடம்தான் பயம்.

காற்றே இல்லாத இடத்துக்கும் இது போகிறது. 2020-ல் டெமி என்று ஷூ டப்பா அளவில் ஒரு சின்னச் செயற்கைக்கோள் பறந்தது. உள்ளே எங்களிடம் இருந்த அதே 140 எண்ணிக்கையில் ஒரு வளையும் கண்ணாடி. விண்வெளியில் அது ஒழுங்காக அசைகிறதா என்று பார்ப்பது மட்டுமே வேலை. விண்வெளியில் திருத்தக் காற்று ஏது என்று கேட்பீர்கள். காற்று இல்லைதான், தொலைநோக்கியின் சொந்தக் கண்ணாடிகளில் உள்ள நுணுக்கமான குறைகளே நட்சத்திர ஒளியைச் சிதறடித்துப் பக்கத்தில் உள்ள கோளை மறைத்துவிடும். அதைத் துடைக்க இது வேண்டும். அங்கே ஃபேனும் கிடையாது, அண்ணனும் கிடையாது. கண்ணாடி தன்னைத்தானே அளந்து கீழே சொல்ல வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் அந்த லேபை விட்டு வந்து சில வருடம் ஆகிறது. அண்ணன் ரிட்டயர் ஆகும் தறுவாயில் இருக்கிறார். தீபாவளி, பொங்கலுக்கு வாட்சப்பில் படம் அனுப்புவார், அவ்வளவுதான். போன மாதம் திடீரென்று போன் செய்தார். கேபிள் பழசாகிவிட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டார்களாம். கடையில் செய்த கேபிள், ஒயர் எல்லாம் ஒழுங்கு. மென்பொருளிலும் பழையபடி மாற்றி வைத்தாயிற்று. அப்புறம் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரப் பையனாம். வந்த முதல் வாரமே மின்பெட்டியில் இருந்த டேப்பைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் நிரலில் 17-ஐயும் 18-ஐயும் மாற்றிவிட்டான். இரண்டு ஆக்சுவேட்டர் செத்துவிட்டது என்று இரண்டு நாளாக மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

“டேப்ப நீங்கதானே ஒட்டுனீங்க, எடுத்திருக்கலாமில்ல அண்ணே?”

“மறந்துட்டேன் தம்பி.”

“சரி, படத்தப் பாக்கச் சொன்னீங்களா?”

“இன்னும் சொல்லல. நாளைக்கி மூணாவது நாளு, போய்ச் சொல்றேன்.”